புளியாரைக்கு மருந்தடிக்க வேணுமா?

மாரி தொடங்கினால் திருகோணமலையில் நம் வளவெல்லாம் புளியாரைதான். கண்டதும் களைநாசினி தேடுகிறோம். கிளைபோசேட்டை, சிறுநீரக நோய் அச்சத்தால் 2015இல் இந்த நாடே தடைசெய்தது. 2022இல் தடை நீங்கியது. அதற்காக, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அடிப்பதா?

கவனிக்க வேண்டியது காயைத்தான். முற்றினால் வெடித்து விதையைத் தூர எறியும். மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடும், ஆகவே மேலால் வெட்டிப் பயனில்லை. மஞ்சள் பூ கண்டவுடனே, மழை விட்ட ஈர மண்ணில், வேரோடு பிடுங்குவோம். பிந்தினால் அடுத்த மாரிக்கும் அதே வேலைதான்.

மருந்து படாத இலையென்றால் சம்பலுக்கு நல்ல புளிப்பு! சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் தவிருங்கள். ஒட்சாலிக் அமிலம் அதிகம்.