மீண்டும் ஆடிப் பார்க்க வேண்டுமா? சிவிலிசேஷன் ஐந்தாம் பாகத்தை முன்வைத்து ஒரு மறுப்பு

ஏமாற்றமளித்த ஒவ்வொரு வியூக விளையாட்டுக்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு சமாதானக் குரல் எழுவது வழக்கமாகிவிட்டது. "விரிவாக்கங்கள் வந்துவிட்டன, இப்போது ஆடிப் பாருங்கள், முற்றிலும் வேறு விளையாட்டு" என்பது அதன் பல்லவி. இந்தப் பல்லவிக்குச் சான்றாகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது ஒரே பெயர்தான்: சிவிலிசேஷன் ஐந்தாம் பாகம். 2025 பிப்ரவரியில் வெளியான ஏழாம் பாகத்தை எழுபது டாலர் கொடுத்து வாங்கி மனம் கசந்தவர்களுக்கும் இதே ஆறுதல்தான் ஓதப்படுகிறது. ஐந்தும் இப்படித்தான் தொடங்கியதாம். பின்னர் அது தொடரின் மணிமுடியாயிற்றாம். ஆகவே பொறுத்திருக்க வேண்டுமாம்.

இந்த வாதம் சான்றாகக் காட்டும் வரலாற்றையே சற்று நெருங்கிப் பார்த்தால், அது நிறுவ விரும்புவதை நிறுவவில்லை என்பது தெரியும்.

2010 செப்டம்பரில் ஐந்தாம் பாகம் வெளிவந்தபோது எழுந்த குறைகள் ஒரே இனத்தவை அல்ல. முதலாவது இனம், இல்லாமை. 2005இல் வந்த நான்காம் பாகத்தின் மூல விளையாட்டிலேயே சமயம் இருந்தது. அதன் விரிவாக்கமான பியாண்ட் தி ஸ்வோர்ட் 2007இல் உளவையும் சேர்த்திருந்தது. ஐந்தாம் பாகத்தில் இவ்விரண்டும் இல்லை. போரை விரும்பாத ஆட்டக்காரர் ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும், "அடுத்த முறை" என்ற பொத்தானை அழுத்துவதைத் தவிரச் செய்வதற்கு அதிகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். எதிரில் உள்ள அரசர் எதற்காக நட்பாகிறார், எதற்காகப் பகையாகிறார் என்பதும் விளங்கவில்லை.

இரண்டாவது இனம், கோணல். சதுரக் கட்டங்களுக்குப் பதிலாக அறுகோணக் கட்டங்கள் வந்தன. ஒரு கட்டத்தில் ஒரு படைப்பிரிவு மட்டுமே நிற்கலாம் என்ற விதியும் வந்தது. தலைமை வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர் இதற்கு முன்மாதிரியாகக் கொண்டது பான்சர் ஜெனரல் என்ற பழைய போர் விளையாட்டு. ஆனால் அந்தப் பழைய விளையாட்டின் வரைபடத்தில் படைகள் விரிந்து நகர இடமிருந்தது. சிவிலிசேஷனின் உலக வரைபடத்திலோ இரண்டு நகரங்களுக்கு இடையே நான்கைந்து கட்டங்களே இருக்கும். அந்த இடுக்கில் பத்துப் படைகளை வரிசைப்படுத்த மனிதருக்கே மூச்சு முட்டும். கணினி எதிராளிக்கு அது கைகூடவே இல்லை. வில்லாளிகளை முன்னே நிறுத்தியது. தளபதியைக் காவலின்றி அனுப்பியது. துணையில்லாத காலாட்படையைக் கடலில் இறக்கிப் பலிகொடுத்தது. கடினநிலையை உயர்த்தினாலும் எதிராளிக்கு அறிவு கூடுவதில்லை. தொடக்கத்திலேயே கூடுதல் குடியேறிகளும் படைகளும் உற்பத்திச் சலுகையும்தான் கூடின. இதோடு, பேரரசு முழுமைக்கும் மகிழ்ச்சியை ஒரே எண்ணாக அளக்கும் முறை, பரந்து குடியேற நினைத்தவரைத் தண்டித்தது.

இனி விரிவாக்கங்கள் செய்தது என்ன என்று பார்க்கலாம். 2012 ஜூனில் வந்த காட்ஸ் அண்ட் கிங்ஸ் சமயத்தையும் உளவையும் கொண்டுவந்தது. படைகளின் உயிர்ப்புள்ளிகளைப் பத்திலிருந்து நூறாக்கிப் போரை நிதானப்படுத்தியது. ஒன்பது புதிய நாகரிகங்களைச் சேர்த்தது. 2013 ஜூலையில் வந்த பிரேவ் நியூ வேர்ல்டு வணிகப் பாதைகள், உலகப் பேரவை, மூன்று அரசியல் கொள்கைகள், தொல்லியல், கலைப்படைப்புகள், சுற்றுலா என்று ஒரு பெரிய சீர்வரிசையையே கொண்டுவந்து வைத்தது. அதனோடு மேலும் ஒன்பது நாகரிகங்கள். ஆற்றங்கரைக் கட்டங்கள் தாமாகத் தந்துவந்த பொன்னை நீக்கிவிட்டு, வணிகரை அனுப்பித் தேடச் செய்தது நல்ல வடிவமைப்பு; அதனால் அண்டை நாட்டின் அமைதிக்கு ஒரு விலை ஏற்பட்டது. வெறுமையாகக் கிடந்த பிற்பகுதிக்கு உயிர் வந்தது. எட் பீச் தலைமையில் நடந்த இந்த வேலையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆனால் மேலே சொன்ன இரண்டு இனங்களோடு இந்தப் பட்டியலைப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை துலங்கும். இல்லாமை தீர்ந்தது; கோணல் தீரவில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்ற விதி அப்படியே நின்றது; அதை ஆளத் தெரியாத எதிராளியும் அப்படியே நின்றார். மகிழ்ச்சிக் கணக்கின் தண்டனையோ குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பிரேவ் நியூ வேர்ல்டு ஒவ்வொரு புதிய நகரத்துக்கும் தொழில்நுட்பத்தின் விலையை, இயல்பான அளவுள்ள வரைபடத்தில், ஐந்து விழுக்காடு உயர்த்தியது. விளைவு என்ன? "டிரெடிஷன்" கொள்கையை எடு, நான்கு நகரங்களோடு நில் என்ற ஒரே பாதை, தேர்ந்த ஆட்டக்காரர்களிடையே ஏறத்தாழச் சூத்திரமாகிவிட்டது. உலகப் பேரரசு கட்டும் விளையாட்டில் நான்கு ஊர்களோடு அடங்கியிருப்பதே ஞானம் என்றாகிவிட்டது. இதைத் திருத்தம் என்று எப்படி அழைப்பது?

இதற்குச் சாட்சி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஃபிராக்சிஸை விட்டு விலகிய ஜான் ஷேஃபர், 2013இல் தமது அட் தி கேட்ஸ் விளையாட்டுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது, ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்ற விதி உள்ளிட்ட ஐந்தாம் பாகத்தின் பிழைகளைத் தாமே வெளிப்படையாக எழுதினார். விதியை வகுத்தவரே பிழை என்று ஒப்புக்கொண்ட அதே ஆண்டில்தான், இரண்டாம் விரிவாக்கம் அந்த விதியின் மேலேயே மாடி கட்டியது.

எதிராளியின் போர்மதியைச் சீர்செய்யப் பெரிதும் பாடுபட்டவர்கள் வேறு சிலர். ஆட்டத்தின் மூலநிரலில் ஒரு பகுதி வெளியிடப்பட்ட பிறகு, ஊதியமில்லாத ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து வாக்ஸ் பாப்புலி என்ற மாற்றுத் தொகுப்பை உருவாக்கினர். ஐந்தாம் பாகம் இறுதியில் எவ்வளவு நன்றாயிற்று என்று வியப்பவர்களுள் கணிசமானோர் வியப்பது, அவர்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருளை அன்று. பிறர் இலவசமாகச் செய்துகொடுத்த பழுதுபார்ப்பை. அந்தப் புகழைக் கொண்டுபோய் விரிவாக்கங்களின் கணக்கில் எழுதுவது உழைத்தவர்க்கு இழைக்கும் அநீதி.

விரிவாக்கங்கள் தொடாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. இந்திய ஆட்டக்காரர் அதை மறந்துவிடக் கூடாது. ஐந்தாம் பாகத்தின் இந்தியாவுக்குத் தலைவர் காந்தி. அவரது படை போர்யானை. அவரது கட்டடம் முகலாயக் கோட்டை. மூன்று வெவ்வேறு காலங்களை ஒரே மூட்டையாகக் கட்டி "இந்தியா" என்று பெயரிட்டாயிற்று. போதாதற்கு, அணுகுண்டு மேல் காந்திக்குள்ள நாட்டத்தை வேண்டுமென்றே உச்சத்தில் வைத்த பழைய கேலியும் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் முதல் விளையாட்டில் கணக்குப் பிழையொன்றால் காந்தி போர்வெறியரானார் என்ற கதையை, சிட் மையர் தமது 2020 நினைவுக் குறிப்பிலேயே மறுத்துவிட்டார். ஐந்தாம் பாகத்தின் கேலியோ பிழையால் நேர்ந்ததன்று, தெரிந்தே செய்தது. இரண்டு விரிவாக்கங்களில் பதினெட்டு நாகரிகங்களைச் சேர்க்க முடிந்தவர்களுக்கு, இந்த மூட்டையை அவிழ்த்துக் கட்ட நேரம் இருக்கவில்லை. ஆறாம் பாகத்தின் 2018 விரிவாக்கத்தில்தான் சந்திரகுப்தர் இரண்டாவது தலைவராக வந்தார். சேர்ப்பது எளிது, திருத்துவது கடினம். விற்பனைக்குச் சேர்ப்பதே உதவும். விரிவாக்கம் என்ற வணிக வடிவத்தின் இயல்பே இதுதான்.

சமையல் தெரிந்த எவருக்கும் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. குழம்பில் உப்பில்லை என்றால் பந்தியில் உட்கார்ந்த பிறகும் சேர்த்துக்கொள்ளலாம். சோறு அடிபிடித்துவிட்டால், மேலே எத்தனை கறி வைத்தாலும் அந்த வாசனை போகாது. "முதல் கோணல் முற்றும் கோணல்" என்ற பழமொழியை எல்லா விளையாட்டுக்கும் பொருத்துவது மிகை. முதலில் இருந்தது குறையா கோணலா என்று கேட்காமலேயே "மீண்டும் ஆடு" என்று அறிவுரைப்பது அதைவிடப் பெரிய மிகை.

ஆகவே ஒரு விளையாட்டுக்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கு விடை விரிவாக்கத்தின் விளம்பரப் பட்டியலில் இல்லை. எதற்காக விலகினார் என்ற ஆட்டக்காரரின் சொந்த நினைவில்தான் இருக்கிறது. ஐந்தாம் பாகத்தை 2010இல் வெறுமைக்காக விட்டவர், இரு விரிவாக்கங்களோடு தயக்கமின்றித் திரும்பலாம். அவருக்கு அது உண்மையிலேயே வேறு விளையாட்டு. போரிடத் தெரியாத எதிராளிக்காகவோ, குடியேறத் தடுத்த கணக்குக்காகவோ விட்டவர், திரும்பினால் அதே எதிராளியைப் புதிய அணிகலன்களோடு சந்திப்பார். அவருக்கு மாற்றுத் தொகுப்பு வழி. இல்லையேல் வேறு விளையாட்டு வழி.

இதற்கு மூன்று எதிர்வாதங்கள் வழக்கமாக வரும். முதலாவது, இப்போது விலை மலிவு என்பது. உண்மைதான், 50 டாலருக்கு மூலத்தையும் தலா 30 டாலருக்கு இரு விரிவாக்கங்களையும் வாங்கிய முதல்நாள் அன்பர் 110 டாலர் செலவிட, 2014இல் முழுத்தொகுப்பு அதனினும் குறைவான விலைக்கு வந்துவிட்டது. பொறுமையில்லாதவருக்கு அபராதமும் காத்திருந்தவருக்குப் பரிசும் தரும் இந்த முறை, முதலில் நம்பியவரையே தண்டிக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இயல்பு வேகத்தில் 500 முறை வரை நீளும் ஆட்டம் ஒன்று பத்து மணி நேரத்தை எளிதில் விழுங்கும். பணத்துக்குத் தள்ளுபடி உண்டு. நேரத்துக்கு எந்தப் பண்டிகையிலும் தள்ளுபடி கிடையாது.

இரண்டாவது, மூல விளையாட்டைத்தான் ஏற்கெனவே வாங்கியாயிற்றே, இன்னும் கொஞ்சம் போட்டால் பயன்படுமே என்பது. போன பணத்தை மீட்கப் புதுப் பணத்தை அனுப்புவது சூதாடியின் கணக்கு. முன்பு செலவழித்தது திரும்ப வராது. இனிச் செலவழிப்பது தன் தகுதியால் மட்டுமே நியாயப்பட வேண்டும்.

மூன்றாவதுதான் மிகவும் நச்சுத்தன்மை உடையது. விரிவாக்கங்களை ஆடாமல் பழைய குறையைப் பேசுவது நியாயமன்று என்பது அது. 2010இல் எழுதப்பட்ட தீர்ப்பு 2010இல் விற்கப்பட்ட பொருளைப் பற்றியது. பின்னர் அந்தப் பொருள் மாறியதால் அந்தத் தீர்ப்பு பொய்யாகிவிடாது. பிழை மலிந்த ஆய்வேட்டின் திருத்திய பதிப்பு வந்துவிட்டதென்றால், முதற்பதிப்பைக் கண்டித்த மதிப்புரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? திருத்தமே அவர் சொன்னது சரி என்பதற்கான ஒப்புதல் அல்லவா?

வியூக விளையாட்டுகள் எல்லாமே இப்படித்தான், விரிவாக்கங்களால்தான் முழுமை பெறும் என்ற பழக்கவாதமும் நிற்காது. நான்காம் பாகத்தின் விரிவாக்கங்கள் நிறைந்த வீட்டுக்கு மேல் எழுந்த மாடிகள். முதல் நாளிலேயே அது குடியிருக்கத் தக்க வீடாக இருந்தது. இது இயற்கை விதியாக இருந்திருந்தால் அதுவும் மீறியிருக்க முடியாது. கூரை போடாமல் சாவி கொடுப்பது பின்னர் வந்த வணிகப் பழக்கம். அது நீடிப்பது, மழையில் நனைந்தவர்களே அண்டை வீட்டாரிடம் "பொறுங்கள், கூரை வரும்" என்று சொல்லித் திரிவதால்தான்.

ஏழாம் பாகத்தில் மௌரியராகத் தொடங்கி, இடைக்காலத்தில் சோழராகி, இறுதியில் முகலாயராக முடியும் பாதை ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த மாற்றமே பிடிக்காமல் விலகியவரிடம், சில ஆண்டுகளில் யாரேனும் புதிய பேரரசுகளின் பட்டியலோடு வந்து "இப்போது ஆடிப் பாருங்கள்" என்பார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "என்ன சேர்த்தார்கள் என்பது இருக்கட்டும்; எதை மாற்றினார்கள்?" அதற்கு நேரான விடை வந்தால் திரும்பலாம். பட்டியலே மறுபடியும் வந்தால், நூலகத்தில் வாசிக்காத புத்தகங்கள் நிறைய இருக்கின்றன.