சப்பாத்து நாற்றமும் ஒரு மாணவனின் நாணமும்

வாணி விழா நாள். பாடசாலை மண்டபத்தின் வாசலில் மாணவரின் சப்பாத்துகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. உள்ளே பூசை தொடங்கிவிட்டது. ஒரு மாணவன் மட்டும் சப்பாத்தைக் கழற்றாது வெளியே நின்றான்.

"ஏன் தம்பி, உள்ளே வரவில்லையா?" என்றேன்.

"சப்பாத்துகளுக்குக் காவல் நிற்கிறேன், சேர்" என்றான்.

அவன் நன்றாகப் பாடக் கூடியவன். கலைமகள் பூசையிலும் கருத்தில்லாத பிள்ளை என்று எண்ணிப் பலர் முன்னிலையில் நாலு வார்த்தை கடிந்துவிட்டேன். அவன் தலை குனிந்து நின்றானேயன்றி மறுமொழி கூறவில்லை.

இரண்டு நாட்களின் பின் அவனுடைய தாயார் வந்து உண்மையைச் சொன்னார். அவனுக்கு இருப்பது ஒரே ஒரு சோடிச் சப்பாத்து. மழையில் நனைந்தது காய்வதற்குள் மறுநாளும் அதையே அணிய வேண்டியிருந்தது. முன்பொரு முறை அதைக் கழற்றியபோது சக மாணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தனராம். அதன்பின் சப்பாத்தைக் கழற்ற வேண்டிய இடம் எதற்கும் அவன் போவதில்லை. நண்பர் வீட்டுக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை. இதைக் கேட்டபோது தலை குனிய வேண்டியவன் நானே என்று உணர்ந்தேன்.

நாற்றம் என்றதும் நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பண்டைத் தமிழில் அச்சொல் நறுமணத்தையும் குறித்தது. காலப்போக்கில் சொல் இழிந்தது போலவே, ஒரு சிறு உடற்குறையும் பெரும் பழியாகிவிட்டது. உண்மையில் இதில் பழிக்க என்ன இருக்கிறது?

நம் உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ள இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலுமே. வெப்பத்தால் மட்டுமன்றி அச்சத்தாலும் பதற்றத்தாலும் இவை சுரக்கும். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் பிடித்த கை ஈரமாவதை மாணவர் அறிவர்; அதே வேளையில் சப்பாத்துக்குள் காலும் ஈரமாகிறது. ஆனால் வியர்வை பெரும்பாலும் நீரும் உப்புமே. தன்னளவில் அதற்கு மணம் இல்லை என்றே சொல்லலாம்.

நாற்றத்தை உண்டாக்குவன நம் தோலில் இயல்பாகவே வாழும் பற்றீரியாக்கள். மூடிய சப்பாத்துக்குள் இருளும் ஈரமும் வெம்மையும் சேர்ந்தால் அவை பல்கிப் பெருகும். வியர்வையில் உள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலரிக் அமிலத்தை ஆக்கும். மூக்கைத் துளைப்பது இவ்வமிலமே. 1990ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமான ஷிசைடோவின் ஆய்வாளர் கண்டாவும் குழுவினரும் கால் நாற்றத்துக்குக் காரணமான இரசாயனப் பொருள்களை ஆராய்ந்து வெளியிட்டனர். ஊறி வெளுத்த தோலைத் தின்று உள்ளங்காலில் சிறு குழிகளை உண்டாக்கும் கைட்டோகொக்கஸ் என்னும் பற்றீரியாவும் உண்டு. அதன் நாற்றம் இன்னும் கடுமையானது.

எனவே குற்றவாளி பிள்ளையுமல்ல, வியர்வையுமல்ல, காயாத சப்பாத்தே.

கல்கிசையில் காலை ஆறு மணிக்குச் சப்பாத்தை அணியும் பிள்ளை, கடலோரப் புகையிரதத்தில் வெள்ளவத்தைக்கோ பம்பலப்பிட்டிக்கோ சென்று, பாடசாலையும் தனியார் வகுப்பும் முடித்து, மாலை ஆறு மணிக்குத்தான் அதைக் கழற்றுகிறது. பன்னிரண்டு மணி நேரம்! கடற்காற்றின் ஈரப்பதனில் இரவுக்குள் அது உலர்வதுமில்லை. வெளியே வெள்ளை பூசிப் பளிச்சென்று வைக்கிறோம். உள்ளே விரலை விட்டுப் பார்ப்பதில்லை. வெறுங்காலுடன் நடந்த நம் பாட்டன்மாருக்கு முள்ளும் கல்லும் துன்பம் தந்திருக்கலாம். இந்தத் துன்பம் இருந்திராது.

இஃது எல்லா ஊர் மாணவருக்கும் பொதுவானதே. தமிழரான தொழிலதிபர் சிவ் நாடாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் ஒன்று தில்லிக்கு அண்மையில் உள்ளது. அங்கே விடுதி அறைகளின் வெளியே சப்பாத்துகள் நிறைந்து கிடப்பதை விகாஷ் குமார் என்னும் ஆசிரியரும் சார்த்தக் மித்தல் என்னும் மாணவரும் கண்டனர். உள்ளே இடமில்லை போலும் என்று முதலில் எண்ணினர். விசாரித்தபோது காரணம் நாற்றமே என்று தெரிந்தது. 149 மாணவரிடம் கேட்டதில், பாதிக்கு மேற்பட்டோர் இதனால் வெட்கப்பட்டதாகக் கூறினர். பின்னர் ஊதாக் கடந்த கதிர்களுள் 'சி' வகையைப் பாய்ச்சும் சப்பாத்துத் தட்டு ஒன்றை ஆராய்ந்தனர். இரண்டு மூன்று நிமிடங்களிலேயே கிருமிகள் மடிந்து நாற்றம் நீங்கியது. நேரம் நீண்டபோதோ றப்பர் கருகும் மணம் எழுந்ததாம்! முதலில் சிரிக்கவும் பின்னர் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2025ஆம் ஆண்டில் இவர்களுக்குக் கிடைத்தது.

அவ்விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு செய்யும். நாமாக வாங்கிப் பரீட்சிக்க வேண்டியதில்லை. சூரியனிலும் அக்கதிர் உண்டு. ஆயினும் ஓசோன் படலம் அதைத் தடுத்துவிடுகிறது. நமக்கு வெயில் செய்யும் பேருதவி, ஈரத்தை உலர்த்துவதே. அதற்குச் செலவில்லை. வீட்டில் செய்யக்கூடியவற்றை இங்கே கூறுகிறேன்.

காலை மாலை இருவேளையும் சவர்க்காரமிட்டுக் கால் விரலிடுக்குகளைக் கழுவுங்கள். கழுவுவதைவிட முக்கியம் துடைப்பது; விரலிடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது. மேசு பருத்தியாக இருக்கட்டும். ஒரு முறை அணிந்ததைத் துவைக்காமல் மறுமுறை அணியலாகாது. இயலுமாயின் இரண்டு சோடிச் சப்பாத்துகளை ஒருநாள் விட்டு ஒருநாள் அணியுங்கள். இயலாதார் வீடு வந்த உடனே உள்தட்டை வெளியே எடுத்து, நாவை நன்றாக விரித்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும். படுக்குமுன் ஒருமுறை தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றுப் படும்படி வைக்கலாம். இரவில் சிறிது அப்பச்சோடாவைத் தூவிக் காலையில் தட்டிவிட்டால் அமில நாற்றம் அடங்கும். வாசனைத் தூள், தெளிப்பான் என்பவை நாற்றத்தை மறைப்பனவேயன்றி ஈரத்தைப் போக்குவன அல்ல.

நம் நாட்டுத் தேயிலையும் கைகொடுக்கும். தேயிலைப் பைகள் இரண்டை அரை லீற்றர் நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, மேலும் நீர் கலந்து ஆறவைத்து, அதில் இருபது நிமிடம் காலை வைத்திருந்து துடைக்கலாம். அதிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலைச் சற்றே இறுக்கும். காலில் புண் உள்ளவரும் நீரிழிவு நோயாளரும் இதைச் செய்யலாகாது. குழிகள், அரிப்பு, தோல் வெடிப்பு முதலியன தோன்றினாலும், இவ்வளவு செய்தும் வியர்வை வழிந்தோடினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. இதைப் பிள்ளையிடம் தனிமையில் சொல்லுங்கள். அல்லது எல்லோருக்கும் பொதுவான பாடமாகச் சொல்லுங்கள். நான் பின்னதையே செய்தேன். சுகாதாரப் பாடமாக வகுப்பு முழுவதற்கும் இதைக் கற்பித்தேன். வகுப்பறை மூலையில் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றும் வைத்தேன். மழை நாட்களில் அதிலிருந்து தாள் எடுத்தவர் பலர். சிரித்தவர்களும் எடுத்தார்கள். நான் கடிந்துகொண்ட மாணவனிடம் தனியே மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லை, சேர்" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த ஆண்டு வாணி விழாவில் அவன் மண்டபத்தின் உள்ளே அமர்ந்து பாடினான். வாசலில் கிடந்த சப்பாத்துகளுக்குக் காவல் எவருமில்லை. ஒன்றும் களவு போகவுமில்லை.