பொங்குமாங்கடல்

நம் தேசத்தில் பஞ்சமில்லாமல் கிடைக்கும் பண்டம் ஒன்று உண்டு, அது உபதேசம். பரீட்சையில் தவறிய பையனுக்கும், வியாபாரம் நொடித்துப் போனவருக்கும், வீட்டில் ஓர் உயிரைப் பறிகொடுத்தவருக்கும் நாம் சொல்லுவது ஒன்றே: "மனத்தைத் திடப்படுத்திக் கொள்ளுங்கள்." எப்படித் திடப்படுத்திக் கொள்வது என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டால், நம்மில் பலர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு விடுவோம்.

திடம் என்றதும் கல்லை நினைப்பது நம் வழக்கம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குச் சென்றவர்கள் வேறொன்றை நினைக்கலாம். பேரருவியின் தண்ணீர் மலையுச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக் குழியில் விழுந்து, அங்கே சுழன்று பொங்கி, வேகம் தணிந்த பிறகே வழிந்து கீழே இறங்குகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் அருவியின் கீழே எந்த மனிதனும் நிற்க முடியாது. குழந்தைகளும் கிழவர்களும் கம்பியைப் பற்றிக்கொண்டு ஆனந்தமாக ஸ்நானம் செய்கிறார்களே, அது அவர்களுடைய மண்டையின் பலத்தினால் அல்ல.

இப்படி ஒரு குழி நம் குடும்பங்களில் இருக்கிறதா? முன்னாளில் ஒரு கோபமான கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்குத் தபால் மறுநாள் வரை அவகாசம் கொடுத்தது, கைபேசி கொடுப்பதில்லை. ஆபீஸில் மேலதிகாரி சொன்ன கடுஞ்சொல்லை அப்படியே சுமந்து வந்து சாயங்காலம் மனைவியின் மேல் இறக்குகிறவர் உண்டு. அந்த அம்மாள் அதைக் குழந்தையின் மேல் இறக்குகிறாள். இடையில் ஒரு நாழிகை கோவில் பிராகாரத்தைச் சுற்றலாம். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஓர் அத்தையிடமோ சிநேகிதரிடமோ சொல்லி அழலாம். அழுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. அருவி பெருகிச் சிவந்து வரும் நாளில் போலீசார் குளிக்கக் கூடாதென்று தடுத்துவிடுகிறார்கள். அன்று விலகி நிற்பவனைக் கோழை என்று யாரும் ஏசுவதுமில்லை.

மனோதிடத்துக்கு ஒரு மனிதரை உதாரணமாகக் காட்டவேண்டுமானால், திருநெல்வேலிச் சீமையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலை 7-ஆம் தேதி பின்ஹே என்ற நீதிபதி இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். கூட்டினால் 40 வருஷம். அப்பீலில் அது குறைந்தது என்றாலும், கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். அந்தச் சிறைவாச காலத்திலேயே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். செக்கிழுத்த கை எழுதியது என்பதனாலேயே அந்தப் புத்தகத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

ஆயினும் ஆலன் துரையின் கொள்கையோடு நமக்குப் பூரண சம்மதம் இல்லை. மனிதனுடைய நிலைமை அவனுடைய எண்ணத்திலிருந்தே முளைக்கிறது என்பது அவர் கட்சி. 40 வருஷ தண்டனை பிள்ளையவர்களின் எண்ணத்திலா முளைத்தது? பின்ஹே துரையின் பேனாவிலல்லவா முளைத்தது! மேலும், அந்தத் தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிவிட்டது. பிறகு அது தெளியவே இல்லை. ஒரே வீடு, ஒரே செய்தி. அண்ணன் நின்றார், தம்பி விழுந்தார். தம்பியைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? நோய் வேறு, அதைரியம் வேறு. மனம் முறிந்தவரிடம் திடத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது, கால் முறிந்தவனை எழுந்து நட என்பது போலத்தான். அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கு வெட்கப்படும் வழக்கம் நம் வீடுகளை விட்டு இன்னும் முற்றிலும் போகவில்லை.

1912 டிசம்பரில் பிள்ளையவர்கள் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி கலைந்து போயிருந்தது; வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. கஷ்டப்பட்டே காலந்தள்ளினார். பின்னர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்டவர், ஒரு வெள்ளைக்காரரின் உதவியை ஏற்கக் கூசவில்லை. கை நீட்டி வாங்குவதற்கும் நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது.

கை நீட்டுவதில் இன்னும் ஒரு படி மேலே போன அரசன் தென்காசியில் இருந்தான். 15-ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன்தான் அவன். அரசர்களுடைய கல்வெட்டு என்றால் பாதி தற்புகழ்ச்சி, கடைசியில் ஒரு சாபம்: இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று. பராக்கிரமன் வேறு விதமாகப் பாடல் பொறித்து வைத்தான். பிற்காலத்தில் இக்கோவிலுக்குக் குறை நேர்ந்தால் அதைத் திருத்துகிறவர் யாரோ, அவருடைய அடிகளில் தான் விழுந்து பணிவதாகச் சொல்லியிருக்கிறான். பிறக்காத ஒரு மனிதனுடைய காலில் மகுடம் தரித்த ஒருவன் விழுகிறான்! கட்டும்போதே, இது ஒரு நாள் இடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கட்டினான், யாராவது வருவான் என்று நம்பிக் கட்டினான்.

அவன் பயந்தபடியே கோபுரம் சிதைந்தது. மேல் நிலைகளை இழந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. அதன் அடியிலேயே கடைகள் நடந்தன, கலியாண ஊர்வலங்கள் போயின, தலைமுறைகள் வந்து போயின. கடைசியில் சிவந்தி ஆதித்தனாரும் ஊராரும் முன்நின்று, ஜனங்கள் கொடுத்த பொருளைக் கொண்டு ஒன்பது நிலைகளையும் எழுப்பினார்கள். 1990-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அரசன் எழுதி வைத்த வேண்டுகோளுக்குப் பதில் கிடைக்க ஐந்து நூற்றாண்டுகள் ஆயின.

குற்றாலத்திலிருந்து தென்காசி மூன்று மைல்தான். அடுத்த சாரலுக்கு வருகிற நேயர்கள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு ஒரு நடை அங்கே போய், குழந்தைகளுக்கு அந்த அரசனுடைய கதையைச் சொல்லலாம். கோபுர வாசலில் காற்று பலமாக வீசும். மேல் வேஷ்டியையும் குழந்தைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.