கூடத்துச் சோறு விருந்தாகுமா?

ஆண்டுதோறும் ஆகசுட்டு 15 ஆம் நாள் நம் நாட்டுப் பெருங்கோயில்களில் அமைச்சர் பெருமக்கள் இலைமுன் அமர்கின்றனர். அதனை முன்பு 'சமபந்தி போஜனம்' என்றனர். இன்று 'பொதுவிருந்து' என்கின்றனர். போஜனம் என்னும் வடசொல் ஒழிந்தது நன்றே. ஆயின், பெயர் தூய்மையுற்றதுபோல் செயலும் தூய்மையுற்றதா? அங்கு நடைபெறுவது விருந்தே அன்று என்பேன்.

விருந்து என்பதன் பொருள் புதுமை. தொல்காப்பியர் வனப்பு எட்டனுள் ஒன்றற்கு அப்பெயரிட்டதும் அதுபற்றியே. புதிதாய் வந்தாரைத் தன் மனைக்குள் ஏற்று உண்பிப்பதே விருந்தோம்பல். அதனாலன்றோ வள்ளுவர் அதனை இல்லறவியலில் வைத்தார்! கோவலனைப் பிரிந்திருந்த நாளில் தான் இழந்தனவாகக் கண்ணகி எண்ணிய அறங்களுள்ளும் அஃது ஒன்று. விருந்துக்கு வாயில் வேண்டும், திண்ணை வேண்டும், அடுக்களை வேண்டும். கோயிற் கூடத்தில் பொதுப்பணத்தில் இட்ட சோற்றை உண்டு எழுபவன், தன் வீட்டுக் கதவைத் திறக்கவேண்டிய கட்டாயம் யாது? ஒருநாள் உடனுண்டவன் எஞ்சிய 364 நாளும் தாழிட்டுக் கொள்கிறான்.

முன்னோர் நடத்திய போராட்டம் இத்துணை எளிதாக இருந்ததில்லை. 1917-இல் கொச்சி நாட்டுச் செறாயில் ஐயப்பன் என்னும் இளைஞர் புலையரோடு உடனுண்டார். அவர்தம் சொந்தக் குலத்தாரே அவரை விலக்கி வைத்துப் 'புலையன் ஐயப்பன்' என்று பழித்தனர். அப்பெயரை அவர் உவந்து ஏற்றார். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திற்குப் (பெயரிலேயே வடமொழி வாடை!) பேராயக் கட்சி 5,000 உருபா ஈந்தது. அப்பணத்தை உண்ட இடத்திலேயே பார்ப்பன மாணவர் இருவர்க்குத் தனியே உணவிட்டனர். பெரியாரும் வரதராசுலுவும் 1924, 25 ஆம் ஆண்டுகளில் மூட்டிய கனல் சோற்றின் சுவை பற்றியதன்று. அமரும் இடம் பற்றியது. தொடர்வண்டி நிலைய உணவகங்களில் இருந்த தனியிடமும் 1941-இல்தான் ஒழிந்தது.

பொதுவிடம் ஒருவாறு வென்றாயிற்று. வீடு? 2018-இல் திருப்பூர் மாவட்டத் திருமலைக்கவுண்டன்பாளையத்துப் பள்ளியில் நண்பகல் உணவு ஆக்க அருந்ததியப் பெண்மணி ஒருவர் வந்தபோது பெற்றோர் சிலர் திரண்டெதிர்த்தனர். சேரிக் கையால் ஆக்கிய சோறு தம் பிள்ளை வாயில் புகலாகாதாம்! இவர்கள் கோயிற் பொதுவிருந்தில் எத்தனை முறை அமர்ந்தால் திருந்துவர்?

அமெரிக்க நாட்டில் அயலவரிடையே ஒரு வழக்கம் உண்டு. முதலுணவை ஒரு வீட்டில் உண்பர். எழுந்து நடந்து பேருணவை மற்றொரு வீட்டில் உண்பர். இனிப்பை மூன்றாம் வீட்டில் உண்பர். செருமானிய நகரங்களில் மாணவர் இருவர் இருவராய்ப் பிரிந்து, ஒவ்வோர் இணையும் ஓர் உணவை மட்டும் ஆக்கி, முன்பின் அறியாதார்க்கு இடுவர். ஏனைய இரண்டை அயலார் மனையில் உண்பர். அவர்க்கு அது பொழுதுபோக்கே. நமக்கோ அதன் அமைப்பில் பெரும்பொருள் உளது. அதில் ஈவார் என்றொரு கூட்டமும் ஏற்பார் என்றொரு கூட்டமும் இல்லை. ஒவ்வொருவரும் ஒருமுறை வீட்டார், இருமுறை விருந்தினர். இதனை நாம் 'மனைவழி விருந்து' என்போம். சோறும் குழம்பும் சேரியில் ஒரு வீட்டில். பாயசம் ஊர்த்தெருவில் ஒரு வீட்டில். வெற்றிலைபாக்கு மூன்றாம் தெருவில் ஒரு திண்ணையில் அன்று, உள்வீட்டில்.

"தலைவர்கள் சேரிக் குடிசையில் உண்கின்றனரே" என்பீர். உண்கின்றனர், ஒளிப்படம் நாளிதழில் வருகின்றது. சில வேளை உணவே நகரத்து உணவகத்திலிருந்து வந்திறங்குகின்றது. அக்குடிசையார் மறுவாரம் அத்தலைவர் வீட்டு உள்ளறையில் அமர்ந்த ஒளிப்படத்தைக் காட்டுவார் உளரோ? ஒருவழிச் செலவு விருந்தாகாது.

"ஊரில் கலகம் வரும்" என்பார்க்கு ஒன்று சொல்வேன். ஊர்முழுதும் ஒருநாளில் வேண்டா. தமிழ்ப்பற்று உடையோம் எனும் நம்முள் மூன்று குடும்பத்தார் வரும் பொங்கலன்று தொடங்கலாம். அன்று எல்லார்க்கும் ஒரே வகைக் குவளை வேண்டும். உண்டவர் இலையை உண்டவரே எடுத்தெறியுமாறு விடலாகாது; வீட்டுக்குரியவர்தம் கையால் எடுத்தல் வேண்டும்.