துணை தேடும் கடைகள்

துணை தேடும் செயலிகளில் எது மலிவு, எது தரம் என்று என் அறைத்தோழர் கேட்டார். சென்ற திங்கள் ஒரு செயலிக்குக் கட்டணம் செலுத்தி, ஒரு மறுமொழியும் பெறாதவன் நான். ஆதலால் சொல்லும் உரிமை எனக்குண்டு.

கடைகள் பல என்று மயங்கவேண்டா. டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியூபிட் மூன்றும் மேட்ச் குரூப் என்னும் ஒரே முதலாளியுடையவை. 2015-இல் அமெரிக்காவில் டிண்டர் 30 வயதானோரிடம் மாதம் 19.99 டாலரும், இளையோரிடம் அதனினும் குறைவாகவும் கேட்டது. 2018-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பாகுபாடே என்றது.

பணம் நம் படத்தை முன்வரிசையில் நிறுத்தும். மறுமொழியை வாங்கித் தராது. துணை கிடைத்தவர் கடையை விட்டுப் போய்விடுவார். கிடைக்காதவரன்றோ மாதந்தோறும் கட்டுகிறார்! இவ்வாணிகத்தில் தரத்தை எங்கே தேடுவது? கட்டணமின்றிப் பாருங்கள், காசை முடிந்து வையுங்கள் என்பதே என் கருத்து.