புல்மோட்டை மணலும் சம்பூர் வெயிலும்: கைத்தொழில் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்



திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே புல்மோட்டைக் கரையில் படிந்துள்ள கரிய மணலில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு, இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த இல்மனைட்டு என்னும் கனியமாகும். இதற்கென 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தையே நிறுவியபோதிலும், மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது; அதிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடியை நாடு விலைகொடுத்து இறக்குமதி செய்கிறது.

அவ்வெண்பொடிக்கு இப்போது புதிய பயனொன்று பேசப்படுகிறது. கல்சியம் தைத்தேனேற்றுக் கனியத்தின் பளிங்கமைப்பை ஒத்த சேர்வைகளால் ஆன பெரொவ்ஸ்கைற்றுச் சூரியக்கலம், 2009இல் யப்பானில் மியாசாகாவின் குழு அறிவித்தபோது 3.8 சதவீத வினைத்திறனே கொண்டிருந்து, இன்று ஆய்வுகூட அளவில் 26 சதவீதத்தைக் கடந்துள்ளது. அதில் இலத்திரன்களை மட்டும் வடித்துக் கடத்தும் மென்படையாகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு அமைகிறது. ஆயினும் இதனால் புல்மோட்டை மணலுக்குப் பெருஞ்சந்தை திறக்குமென எவரேனும் அமைச்சரிடம் கூறினால், அது கணக்குப் பாராத பேச்சாகும். அப்படை அரை மைக்ரோமீற்றர் தடிப்புடையதென்று கொண்டாலும் ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு கிராம் போதும். ஒரு தொன் ஐந்து இலட்சம் சதுர மீற்றருக்குப் போதுமானது. இங்கு பெறுமதி தூய்மையிலேயே உள்ளது, நிறையில் அன்று.

இக்கலத்தின் உண்மையான குறை அதன் ஆயுள். ஒளியை உறிஞ்சும் படையில் உள்ள மெதைலமோனியம் போன்ற சேதனக் கூறுகள் வெப்பத்திலும் ஈரப்பதனிலும் சிதைந்து வெளியேறுவதால், அவற்றுக்குப் பதிலாகச் சீசியம் என்னும் உலோகத்தை இடும் முழு அசேதனச் சேர்வைகள் ஆராயப்படுகின்றன. சீசியம் ஈய அயடைட்டு உயர்வெப்பத்தைத் தாங்கவல்லது. ஆனால் மின்னாக்கும் அதன் கரிய நிலை, அறைவெப்பநிலையில், அதுவும் ஈரமான காற்றில், பயனற்ற மஞ்சள் நிலைக்கு மாறிவிடுகிறது. நேர்மின்னேற்றத்தைக் கடத்தும் மறுபுறப் படைக்கும் விலையுயர்ந்த சேதனச் சேர்வைக்குப் பதிலாகச் செம்புத் தயோசயனேற்றை இட்ட கலங்கள், 20 சதவீதத்துக்கு மேற்பட்ட வினைத்திறனோடு, 60 பாகை வெப்பத்தில் 1000 மணிநேரம் ஒளியூட்டிய பின்னும் அதில் 95 சதவீதத்துக்கு மேல் இழக்காமல் வைத்திருந்தன என்று 2017இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலிருந்து அறிவிக்கப்பட்டது. இவ்வழிக்கு இலங்கை புதியதன்று: கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னக்கோனின் குழு 1995இலேயே செம்பு அயடைட்டைக் கொண்டு சாயத்தால் ஒளியை உறிஞ்சும் திண்ம நிலைச் சூரியக்கலத்தை ஆக்கிக் காட்டியது. அத்தொடக்கம் இந்நாட்டில் ஒரு தொழிலாக வளராமற் போனது எவ்வாறென்பதை அமைச்சு ஆராய்ந்தால் நன்று.

சந்தைக்கு வரும் சூரியப்படல்கள் 85 பாகை வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதனிலும் 1000 மணிநேரம் சோதிக்கப்படுகின்றன. உப்புக்காற்றுக்கு வேறொரு சோதனையும் உண்டு. ஆனால் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் வறட்டியெடுத்து, ஐப்பசியில் வாடையும் மழையும் தொடங்கி, ஆண்டு முழுவதும் உப்பு படியும் திருகோணமலைச் சீனக்குடாக் கரையின் தட்பவெப்பத்தை எந்த ஆய்வுகூடப் பெட்டியும் முழுமையாகத் தரமாட்டாது.

ஆகவே கோரப்படுவது தொழிற்சாலையன்று. 500 மெகாவாற்று நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்துக்கான பணி தொடக்கிவைக்கப்பட்ட, அதே மாவட்டத்துச் சம்பூரில் ஒரு சிறு மூலையையும், திருகோணமலைத் துறைமுகக் கரையில் மற்றொரு சிறு நிலத்தையும் திறந்தவெளிச் சோதனைக்கு ஒதுக்குமாறு வலுசக்தி அமைச்சோடு பேசுவதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையையும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தையும் அதில் இணைப்பதும், புல்மோட்டைக் கனியத்தைத் தூய்மையாக்கும் ஆய்வுகூடம் ஒன்றுக்கு நிதி தருவதுமே போதும். மின்னிலையத்தின் பெரும்பரப்புக்குச் சிலிக்கன் படல்களே இன்று உகந்தவை என்பதில் ஐயமில்லை.

இருவகைக் கழிவுகள் பற்றி முன்னதாகவே முடிவெடுக்கப்பட வேண்டும். இல்மனைட்டைச் சல்பூரிக்கமிலத்தில் கரைக்கும் முறை அமிலக் கழிவையும் இரும்புச் சல்பேற்றையும் விடுவதால், அதனைச் சோதனை அளவிற்கூடக் களப்பருகே அனுமதிக்கலாகாது. பெரொவ்ஸ்கைற்றுக் கலத்தில் ஈயம் உண்டு. உடைந்த படல் எவர் பொறுப்பில், எங்கு சேர்க்கப்படும் என்ற விதி, மீன்பிடிச் சங்கங்களையும் கலந்து, முதற்படல் வெயிலில் வைக்கப்படுமுன் எழுதப்பட வேண்டும்.