பழைய படகுக்குப் புதுக் கார்!

பாய்மரப் படகிலும் கார் உண்டு. ஏறி ஓட்டுகிற கார் இல்லை. மேல்தளத்தில் போல்ட் போட்டுப் பதித்த தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும் சின்னக் கப்பி, அவ்வளவுதான். முன்பாயின் பின்மூலையில் கட்டிய கயிறு இந்தக் கப்பி வழியாகத்தான் வின்ச்சுக்குப் போகும். கயிற்றின் பெயர் ஷீட். பாய், ஷீட் என்றதும் படுக்கை ஞாபகம் வந்தால் அது கப்பல்காரர்கள் குற்றம்!

1979-இல் ராட் ஜான்ஸ்டோன் வடிவமைத்த ஜே/30 போன்ற முப்பதடிப் பந்தயப் படகுகள் அமெரிக்காவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் கொடிமரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் ஜெனோவா என்ற பெரிய முன்பாய் உண்டு. இப்படியொரு பழைய படகை வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் இந்தக் காரில்தான். பளபளக்கும் பால் பேரிங் கார், புதுத் தண்டவாளம் என்று கேட்டலாக்கைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். அங்கேதான் பணம் தப்பான வரிசையில் செலவாகிறது.

கார் செய்யும் வேலை என்ன? அதை முன்னால் தள்ளினால் கயிறு பாயைக் கீழ்நோக்கி அதிகம் இழுக்கும். பாயின் பின்விளிம்பு இறுகும், அடிப்பாகம் தொப்பை போடும். பின்னால் தள்ளினால் அடிப்பாகம் தட்டையாகும், மேல்பகுதி திறந்து காற்றை வழியவிடும். பலத்த காற்றில் படகு அதிகம் சாய்ந்தால் காரைப் பின்னால் விடுவது இதற்காகத்தான். சரியான இடம் எது என்று பாயின் முன்விளிம்பில் ஒட்டிய நூல்களே சொல்லிவிடும். படகைக் காற்றுக்கு எதிராக மெல்லத் திருப்பும்போது மேல்நூல் முதலில் துள்ளினால் கார் பின்னால் இருக்கிறது. கீழ்நூல் முதலில் துள்ளினால் முன்னால் இருக்கிறது. மூன்றும் ஒன்றாகத் துள்ளினால் சரி.

பழைய படகில் இந்தக் காரை ஸ்பிரிங் வைத்த பின் ஒன்று தண்டவாள ஓட்டையில் இறங்கிப் பிடித்திருக்கும். மாற்ற வேண்டுமென்றால் ஒருவர் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்த பக்கம் இறங்கிப் போக வேண்டும். போனாலும் சுமை இருக்கும்போது அசைக்க முடியாது. அதனால் யாரும் மாற்றுவதே இல்லை. உண்மையான நஷ்டம் இதுதான்.

சுமையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாயின் பரப்பை (சதுர மீட்டர்) காற்று வேகத்தின் (நாட்) வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.021-ஆல் பெருக்கினால் ஷீட்டின் இழுவிசை தோராயமாகக் கிலோவில் கிடைக்கும். 30 சதுர மீட்டர் பாய்க்கு 10 நாட் காற்றில் 63 கிலோ. 20 நாட்டில் 252 கிலோ! காற்று இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு. கயிறு காரில் 45 டிகிரி வளைகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 252-இல் காரை மேலே தூக்கும் விசை சுமார் 178 கிலோ, பின்னால் தள்ளும் விசை சுமார் 74 கிலோ.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, காரை முன்னால் இழுக்க மட்டும் கயிறு போதும், பின்னால் போவதைச் சுமையே பார்த்துக்கொள்ளும். இரண்டு, நான்குக்கு ஒன்று கப்பிக் கட்டு போட்டால் உராய்வு நீங்கலாகக் கையில் விழுவது 18 கிலோவுக்கும் சற்று மேல். பால் பேரிங் குறைப்பது அந்த உராய்வை மட்டுமே.

உராய்வு சின்ன விஷயமில்லை என்று பேரிங் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். 178 கிலோ மேலே தூக்கும்போது சாதாரணக் கார் தண்டவாளத்தில் இறுகிக்கொள்ளும். ஆனால் படகில் கார் ஒன்றல்ல, இரண்டு. காற்று வரும் பக்கத்துக் கார் எப்போதும் சும்மாதான் இருக்கிறது, அதில் சுமையே இல்லை. திரும்புவதற்கு முன்பே அதைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் உராய்வு ஒரு பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு அலைக்கும் காரை நகர்த்தும் தேர்ந்த குழுவுக்குத்தான் பேரிங் காசுக்கேற்ற பலன் தரும்.

இன்னொரு செலவு கேட்டலாக்கில் தெரியாது. பால் பேரிங் காருக்கு அதற்கேற்ற தண்டவாளம் வேண்டும். பழைய அமெரிக்கத் தண்டவாளங்களில் ஓட்டைகளுக்கு நடுவே 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். புதியது 100 மில்லிமீட்டர் என்றால் இருபதாவது ஓட்டைக்குள் 3 சென்டிமீட்டர் தள்ளிப்போய்விடும். எனவே தளத்தில் புது ஓட்டைகள். அந்தத் தளமோ இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. போல்ட் வழியாகத் தண்ணீர் இறங்கினால் மரம் உளுத்துவிடும். நனைந்த தளத்தில் எவ்வளவு உயர்ந்த காரைப் பூட்டி என்ன பயன்?

எனவே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. முதலில் தளம். போல்ட்டைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, எபாக்ஸி நிரப்பி, மறுபடி துளையிட்டு, அடியில் தகடு வைத்து இறுக்குவது.

2. பழைய தண்டவாளம் நேராக இருந்தால் அதன் அகலத்துக்குப் பொருந்தும், கயிறு கட்டி இழுக்கும் சாதாரணக் கார்.

3. பாயை உள்பக்கமாக இழுக்க உராய்வு குறைந்த அலுமினிய வளையமும் ஒரு துண்டுக் கயிறும். சான் டியாகோவின் பார்பர் இரட்டையர் பெயரில் வழங்கும் பார்பர் ஹாலரும் இந்த ரகம்தான். தண்டவாளமே வேண்டாம்.

4. பந்தய விதி அனுமதித்து, பணமும் மிஞ்சினால் பேரிங்.

தண்டவாளமே வளைந்து தேய்ந்து போயிருந்தால் கதை வேறு. எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறார்கள், அப்போது பேரிங்குக்கே போய்விடலாம். மற்றவர்கள் மிச்சப் பணத்தைப் புதுப் பாய்க்குச் சேர்த்து வைக்கலாம். தொய்ந்துபோன பாயை எந்தக் காரும் நிமிர்த்தாது.

அதுவரை தண்டவாளத்தின் ஓரமாக 1, 2, 3 என்று மார்க்கரில் எண் போட்டு, எந்தக் காற்றுக்கு எந்த எண் என்று குறித்து வைக்கட்டும். மார்க்கர் விலை மிகக் குறைவு.